பனிக்கு லீவு இல்லை

"வெப்ஹுக்கை மாத்தாம இன்னைக்கு நீங்க இங்கிருந்து கிளம்பப் போறதில்லீங்க, தம்பி" என்றார் ஈஸ்வரன்.

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு அவர் மேனேஜர். தமிழ், மலையாள எல்லையிலுள்ள எலப்புள்ளிக்காரர். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். வாங்குகிறவனுக்கு அதனால் வலி ஒன்றும் குறைவதில்லை.

அருண்பாண்டி லேப்டாப்பைத் திறந்தான். தோட்டத்துக்கு வாட்ஸ்அப் சாட்பாட் அமைத்துக் கொடுத்தவன் அவன்தான். லீவு வேண்டுமா, காரணத்தை எழுதி அனுப்பினால் போதும். வந்த மெசேஜைக் கொச்சி ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் வெப்ஹுக். விலாசத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் ஏன், எதற்கு என்று கேட்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வினை அங்கேதான் வந்தது. கொச்சிக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது மலையாளம். இங்கே கொழுந்து பறிக்கிறவர்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள். ஒருநாள் காலை யாரோ, 'பனி மூடிருக்கு, பெரட்டுக்கு வர முடியல' என்று அனுப்பினார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆஜர் எடுப்பது. பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல்.

உடனே பதில் வந்தது. 'விரைவில் குணமடைய வாழ்த்துகள். பத்து மணி வரை ஓய்வெடுக்கவும்.'

செய்தி தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் பரவியது. மார்கழி பிறந்ததும் பாதித் தோட்டத்துக்குக் காய்ச்சல். வெயில் வந்ததும் அத்தனை பேருக்கும் குணமாகிவிடும்.

கடைசியில் கொச்சிக்காரர்கள் முழித்துக்கொண்டார்கள். பனிக்கு லீவு இல்லை, உடனே சரிசெய்யவும் என்று உத்தரவு வந்துவிட்டது.

அருண்பாண்டி ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, "டோக்கன் ஒத்துக்க மாட்டேங்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கொச்சிக் கம்ப்யூட்டருக்குள் நுழைய விடும் சாவியான அந்த டோக்கனுக்கு ஒரு கேடும் இல்லை. ஒத்துக்கொள்ளாதது அவன் மனசுதான்.

காரணம் சின்னத்தாய். இன்றைக்கும் ஆபீஸ் வாசலில் அவனை மறித்துவிட்டாள்.

"தம்பி, அந்தப் பனியை மட்டும் மாத்திப்புடாதய்யா. பனிக்குள்ள யானை நின்னா பக்கத்துல போய் முட்டுற வரைக்கும் தெரியாது. போன வருசம் எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் போனாரு. 'பனி விலகட்டும் தொரை'ன்னு கேட்டதுக்கு, 'பெரட்டுன்னா பெரட்டுதான்'னுட்டாரு உள்ள உக்காந்திருக்க இந்த மனுசன். இப்ப அதே பாதையில நான் போறேன். எனக்கும் ஒண்ணு ஆயிட்டா என் புள்ளைக்கு யாரு இருக்கா?"

அவள் புருஷன் மொக்கையனை அருண்பாண்டிக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன யோசனைங்க?" ஈஸ்வரன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். "டோக்கன் எப்படி ஒத்துக்காம போகுதுன்னு நானும் பாக்கறனுங்க."

தப்பிக்க வழியில்லை. வெப்ஹுக்குக்குப் புது விலாசம் கொடுத்தான். இனி மெசேஜ் முதலில் அங்கே போகும். பனி என்று இருந்தால் அதை 'மஞ்ஞு' என்று மலையாளத்து மூடுபனியாக மாற்றி, அப்புறம்தான் கொச்சிக்கு அனுப்பும். சேவ் பட்டனை அழுத்தும்போது சின்னத்தாயின் முகம் வந்து நின்றது.

"டெஸ்ட் பண்ணுங்க."

அருண்பாண்டி தன் போனிலிருந்து 'பனி' என்று அனுப்பினான்.

'காரணம் ஏற்கப்படவில்லை. பெரட்டுக்கு வரவும்.'

ஈஸ்வரன் அதைப் படம் பிடித்துக் கொச்சிக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

அருண்பாண்டி லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். "சார், மொக்கையண்ணன் போன பெறகும் இதைச் செய்ய எப்படி சார் மனசு வருது?"

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"நீங்க செய்யலைன்னா கொச்சியிலிருந்தே ஒருத்தன் வருவானுங்க. அவன் எல்லாத்தையும் அடைச்சுப் போட்டுப் போயிருவான். ஆமா, பனி ஒண்ணைத்தானே மாத்துனீங்க? வேற வார்த்தை எதையும் தொடலீங்களே?"

"ஆர்டர்ல அது ஒண்ணுதான் சார் இருக்கு."

"ரொம்ப நல்லதுங்க." ஜன்னலைத் திறந்தார். "அம்மிணி சின்னத்தாயி, இங்க வா."

அவள் வந்து நின்றாள்.

"பனியை அடைச்சாச்சு. இனி ஆரும் அதைப் போடக்கூடாது."

சின்னத்தாய்க்குக் கண் நிரம்பிவிட்டது. "சரிங்க தொரை" என்றாள்.

"முழுசாக் கேளு. காலையில பனி மூடிருந்தா, வீட்டை விட்டு இறங்காம, 'சும்மா இருக்கேன்'னு அனுப்பச் சொல்லு. சும்மாவை சி.ஹெச். போட்டு ஆரம்பிக்கோணும்; ரெண்டு எம் போடக்கூடாது, ஒரு எம்தான். எல்லாருக்கும் சொல்லிப் போடு."

"அது எதுக்கு தொரை ஒரு எம்மு?"

அருண்பாண்டி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தான். ஈஸ்வரன் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"மலையாளத்துல 'ச்சும'ன்னா இருமல், அம்மிணி. கொச்சிக்காரங்க இதைக் கண்டுபுடிக்கறதுக்குள்ள பனிக்காலமே முடிஞ்சிரும்."