வாய்க்குள் படித்த இங்கிலீஷ்

பசறைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அன்று மூன்று பேர்: மேசையில் வெள்ளைக்காரத் துரை, முக்காலியில் கிளாக்கர் வைத்திலிங்கம், வாசற்படியோரம் குந்தியிருந்த கூலியாள் பெரியாண்டி.

"ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்க ஐயா. இன்னிக்கு மட்டும் லீவு வாங்கித் தாங்க," என்றான் பெரியாண்டி, வைத்திலிங்கத்திடம்.

துரை பேசப் பேச, அதையே வாய்க்குள் சொல்லி இங்கிலீஷ் பழகுவது வைத்திலிங்கத்தின் வழக்கம். "இவன் நடிக்கிறான்," என்றார் துரை, இங்கிலீஷில். வைத்திலிங்கமும் அதையே வாய்தவறி உரக்கச் சொல்லிவிட்டார். துரை அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அவனை மலைக்கு வேலைக்கு விரட்டினார். வைத்திலிங்கம் அதைத் திருத்தாமல் பேரேட்டில் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் பெரியாண்டி செத்துப்போனான்.

ஊரிலிருந்த அவன் மனைவிக்குக் கடிதம் எழுதி, உரக்க வாசித்துப் பார்த்தார் வைத்திலிங்கம். வாசற்படியோரமிருந்து பெரியாண்டியின் குரல் ஒவ்வொரு வரியையும் பின்னாலேயே சொல்லி வந்தது. "இதில் யார் மேலும் குற்றமில்லை" என்ற வரிக்கு மட்டும் அது பேசவில்லை. மறுபடி வாசித்துவிட்டுக் காத்திருந்தார்.

பிறகு அந்த வரியோடே உறையை ஒட்டி, பதுளைத் தபாலுக்குக் கொடுத்தனுப்பினார்.