ஒற்றை மரத்தடி பாவா

“மாஸ்டர், நீங்க முன்னாடி வந்து உட்காருங்க. புத்தகம் எழுதினவரே பின்னாடி உட்கார்ந்தா எப்படி?”

சேஷாத்ரி மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கேதீஸ்வரன் தயங்கித் தயங்கி எழுந்து முன்வரிசைக்குப் போனார்.

சிட்னி ஹோம்புஷில் சேஷாத்ரியின் வீடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திரைச்சீலைகளை இழுத்து மூடி, சுவரில் எட்டு முழ வேட்டி ஒன்றைக் கட்டி, தன் பாலைவனப் பயணத்து ஸ்லைடு படங்களைக் காட்ட ஆயத்தமாக இருந்தார் அவர். 1977இல் சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி அந்தக் கூடத்தில் இருந்தது. மீதிப் பாதிக்குக் கார் இல்லை.

ஊரில் கேதீஸ்வரன் புவியியல் ஆசிரியர். இங்கே ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டுகிறார். யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததோடு ‘மாஸ்டர்’ என்ற சொல்லும் அவரை விட்டுப் போயிருந்தது. நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கென்று தமிழில் ஒரு கைநூல் எழுதி, ரோனியோ இயந்திரத்தில் படியெடுத்துக் கொடுத்த பிறகுதான் அது திரும்பி வந்தது. கூடவே கல்யாண வீடுகளில் முன்வரிசைக் கதிரையும் வந்தது. மனுஷனுக்கு அது பிடித்திருந்தது.

ஒரே ஒரு குறை. மாஸ்டர் பாலைவனத்தைக் கண்ணால் கண்டதில்லை. சிட்னிக்கு மேற்கே தெரியும் நீல மலைகளுக்கு அப்பால் காலே வைத்ததில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்தில் குந்தியிருந்து எழுதிய புத்தகம் அது என்பது அவருக்கும் மனைவி விமலாதேவிக்கும் மட்டும்தான் தெரியும். அதைக் காரில் வைத்துக்கொண்டு சிட்னியிலிருந்து கடைசிவரை போய்த் திரும்பிய முதல் ஆள் சேஷாத்ரி. ஓர் இடம் பிசகியிருந்தாலும் இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடும். நாளையிலிருந்து மறுபடி வெறும் கேதீஸ்வரன்.

வேட்டியில் சிவப்பு மணல்மேடுகள் எழுந்தன. மேடுகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு கிடக்கும் என்று மாஸ்டர் எழுதியிருந்தாராம், அப்படியே கிடந்தனவாம். உப்பு ஏரி வந்தது. வெயிலில் கண் கூசும் என்று எழுதியிருந்தாராம், கூசியதாம். நிலத்தடியிலிருந்து குழாய்க் கிணற்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருவதும் சரியாக இருந்ததாம். அதில் கையை விட்ட சேஷாத்ரியின் மனைவி விஜயா, புத்தகத்தை முழுவதும் படிக்காமல் போனதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மாஸ்டருக்கு மூச்சு சீராக வந்தது. கால்மேல் கால்கூடப் போட்டுக்கொண்டார். ரயிலும் லாரியும் வருவதற்கு முன் ஆப்கானியர், பலூச்சியர் ஓட்டிய ஒட்டகங்கள்தான் அந்தப் பக்கமெல்லாம் மூட்டை சுமந்தன என்று கேட்காமலே விளக்கினார்.

“அதுக்குத்தான் வர்றேன் மாஸ்டர்” என்று சேஷாத்ரி அடுத்த படத்தைத் தள்ளினார்.

வேட்டியில் ஓர் ஒற்றை மரம். அதன் கீழ் இடுப்பளவு கற்குவியல். உச்சியில் மஞ்சள் துணி, குச்சியில் குத்திய எலுமிச்சம்பழம், சுற்றிலும் உடைத்த தேங்காய்ச் சிரட்டைகள்.

“ஒட்டகக்கார குலாம் பாவா” என்றார் சேஷாத்ரி, குரலைத் தாழ்த்தி. “கடைசித் தோல்பை தண்ணியையும் வழிப்போக்கருக்குக் கொடுத்துட்டு, இந்த மரத்தடியில உயிரை விட்ட மகான். போறவங்க ஒரு கல் வைக்கணும்னு மாஸ்டர் எழுதியிருக்கார் பாருங்க, மெல்போர்ன்லயிருந்தும் அடிலெய்ட்லயிருந்தும் நம்ம ஜனங்க வந்து எவ்வளவு வச்சிருக்காங்க. பக்கத்து மதுக்கடை வெள்ளைக்காரர், அவர் தாத்தாவுக்கே பாவா தண்ணி கொடுத்ததாச் சொல்றார்.”

யாரோ கைகூப்பினார்கள். விஜயா எழுந்து நின்று சொன்னாள். அங்கே கல் வைத்துவிட்டு வந்த வாரமே சேஷாத்ரிக்கு வேலை நிரந்தரமானதாம். அடுத்த விடுமுறைக்கு எல்லோருமாக பஸ் பிடித்துப் போவது, மாஸ்டரே முன்னால் உட்கார்ந்து வழிகாட்டுவது என்று கூட்டம் அங்கேயே முடிவு செய்தது. கை தட்டினார்கள்.

மாஸ்டர் எழுந்து நேராகக் குசினிக்குப் போனார். விமலாதேவி பின்னாலேயே வந்து ஒரு கோப்பைத் தேநீரை அவர் கையில் கொடுத்தாள்.

“என்னப்பா, முகம் வெளிறிப்போய் நிக்கிறியள்? எல்லாம் சரியெண்டுதானே சொல்லுகினம்.”

“மற்றதெல்லாம் லைப்ரரியில பாத்து எழுதினது, விமலா” என்றார் அவர் மெல்ல. “அந்தக் குலாம் மட்டும் இல்லை. கடைசி ஸ்டென்சில் தாள்ல அரைப் பக்கம் வெறுமையாக் கிடந்தது. அதை நிரப்ப, நான்தான் ஒரு ஆளை உண்டாக்கிச் சாகடிச்சனான்.”

விமலாதேவி கூடத்துப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“வாயைக் கழுவுங்கோ. என்ர தம்பிக்குப் போன மாசம் விசா வந்தது ஆரால எண்டு நினைச்சியள்? பாவாவுக்கு நேத்தி வைச்சிருக்கிறன். முதல்ல கன்னத்தில போடுங்கோ.”

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் பயபக்தியோடு போட்டுக்கொண்டார்.