உருட்டு

கோப்பை, மெடல் எல்லாம் அந்தக் காலத்துப் போட்டிகளோடு போயிற்று. இப்போது டிவி போட்டியில் தடைகளைத் தாண்டி மறுகரை சேர்ந்தால் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும்.

பிலோமினாவின் சிறுநீரகத்துக்காக அவள் புருஷன் அருளப்பன் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்பே அவள் வீட்டு டிவி முன்னால் கூடியிருந்தது. எதிர்வீட்டுக் கலாவதி ஒரு கையில் போனும் மறுகையில் பிலோமினாவின் வீங்கிய காலுமாக உட்கார்ந்து, இதமாகப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அருளப்பன் கயிற்றில் தொங்கித் தாவினான். வலையில் ஏறி இறங்கினான். கடைசித் தடை, தண்ணீருக்கு மேலே போட்டிருந்த மரக்கட்டை. அதில் அவன் பாதி தூரம் வந்ததும், வழக்கம்போல எல்லோருடைய போனிலும் 'உருட்டு' பொத்தான் மின்னியது. பார்க்கிறவர்களில் போதுமான பேர் அமுக்கினால் கட்டை உருளும்.

"நம்ம ஆளுங்க யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று அதட்டினாள் கலாவதி.

கட்டை உருண்டது. அருளப்பன் கைகளை விரித்தபடி தண்ணீரில் விழுந்தான்.

கலாவதியின் போன் உற்சாகமாகக் கூவியது: "வாழ்த்துகள்! உங்கள் உருட்டு பலித்தது!"

அவளுடைய கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேலேயே இருந்தது.

"பிலோ, சத்தியமா வேணும்னு பண்ணலடி. வாராவாரம் அமுக்கி அமுக்கி, கை தானா போயிடுச்சு..."

பிலோமினா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"விடுங்கக்கா," என்றாள். "போன வாரம் தன் புள்ளைக்காக ஒருத்தர் ஓடினாரே? நான் வேணும்னேதான் அமுக்கினேன். அமுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன்."