ஊசி நகரவில்லை

"நூத்தியொண்ணு," என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். "கருங்கல்லு மாதிரி அங்கேயே நிக்குது. மரியாதையா சொல்லுங்க, கடையில என்ன தின்னீங்க?"

எடை மிஷின் மேல் நின்றிருந்த அப்பா கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல முழித்தார். "ஒண்ணும் இல்லடி. நீ குடுத்தனுப்பின சூப்பு மட்டும்தான்."

"சூப்பு குடிச்சவங்க முகமா இது? கிளம்புங்க, நடக்கணும்."

அம்மா குள்ளம். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் எக்கி நின்று, அவர் தோளைப் பற்றிக்கொண்டு, எட்டிப் பார்த்துத்தான் ஊசியைப் படிப்பாள். கண்ணாடி போடாமல் அப்பாவுக்கு அந்த எண் தெரியாது. குனிந்தால் தலை சுற்றும்.

பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்து வயிற்றைச் சின்னதாக்கிய பிறகு, முதல் சில மாதம் அப்பா மளமளவென்று இளைத்தார். அப்புறம் ஊசி நூற்றொன்றில் போய் உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை.

"இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றார் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர், அம்மா போனில் எண்ணைச் சொன்னபோது. "உடம்பு கொஞ்ச நாள் அடம் பிடிக்கும். புரதத்தைக் குறைக்காதீங்க. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடங்க. தன்னால இறங்கும்."

அப்பா தையல்காரர். கல்யாணமான நாளிலிருந்து இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்பியவர் இல்லை. "சரி, நடக்கிறேன்," என்று அம்மாவிடம் கறாராகச் சொன்னார். "ஆனா நூறுக்குக் கீழ இறங்கின மறுநாள்லேருந்து சாயங்காலமும் கடையிலதான் இருப்பேன். அப்பத்தான் எனக்கு ஆளே வரும்."

இத்தனை வருஷமாக மூட்டை கட்டி வைத்திருந்த பேச்சையெல்லாம் அம்மா அந்த ஒரு மணி நேரத்தில் அவிழ்த்தாள். எதிர் வீட்டு நாயில் ஆரம்பித்து, என் மாமியாரில் முடிப்பாள். பூங்கா பெஞ்சில் அப்பா 'ம்' கொட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அவர் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார் என்றே நான் நம்பினேன். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போய்த் துப்பறிந்தேன். இழுப்பறையில் பொத்தான்கள். சட்டைப் பையில் துண்டுச் சாக்பீஸ். அப்பா ஒரு சாம்பல் நிற பேன்ட்டின் இடுப்பை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"யாருதுப்பா இது?"

"நம்ம வாடிக்கைதான். ஆளு இளைச்சுக்கிட்டே போறாரு."

"அவரைப் பார்த்தாவது கத்துக்கோங்க," என்றேன். அப்பா தலையைக் குனிந்து நூலைக் கடித்தார்.

அம்மா சூப்பைப் பற்றி விசாரித்த அந்தச் சாயங்காலமும் இருவரும் நடந்துவிட்டு வந்தார்கள். கால் வலிக்கிறது என்று சீக்கிரமே படுத்த அம்மா, காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். நாங்களெல்லாம் கவலைப்பட்டது அப்பாவின் உடம்பைப் பற்றி, போனது அம்மா.

அப்பா நடப்பதை நிறுத்தினார். மிஷின் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

அடுத்த பரிசோதனைக்கு நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். நர்ஸ் எடை பார்த்து, "தொண்ணூத்திமூணு," என்றாள்.

உணவு ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சார், சாப்பாட்டுல கையே வைக்கிறதில்லையா? துக்கத்துல பட்டினி கிடந்தா கொழுப்பு போகாது, தசைதான் போகும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று?

ஆலோசகர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டு மிஷின் கணக்குப்படி ஒரே மாசத்துல எட்டு கிலோ போச்சுன்னா பேன்ட் தொளதொளன்னு நிக்கணுமே. இது அளவெடுத்துத் தைச்ச மாதிரியில்ல இருக்கு?"

நானும் பார்த்தேன். சாம்பல் நிற பேன்ட். கடையில் அவர் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்த அதே பேன்ட். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மிஷினை வெளியே இழுத்துப் போட்டேன். "ஏறுங்கப்பா."

ஏறினார். ஊசி தொண்ணூற்று மூன்றில் நின்றது.

"மிஷின் மேல தப்பில்லை. அப்ப நூத்தியொண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

அப்பா திரும்பாமலே சொன்னார். "பின்னால வந்து நில்லு. தோள்ல கை வை."

வைத்தேன். ஊசி ஒரு நூலளவு அசைந்தது.

"இப்படிப் பூ வச்ச மாதிரி வச்சா எப்படி? எக்கி நின்னு நல்லா அழுத்தும்மா. உங்கம்மா அப்படித்தான் அழுத்துவா."

எக்கினேன். என் பாரத்தை அந்தத் தோளில் சாய்த்தேன். ஊசி மெல்ல மெல்ல ஏறி நூற்றொன்றுக்கு வந்து நின்றது.

"அப்பவே தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தோள் என்னோடதுதானே." அப்பா இறங்கி, வாசலில் செருப்பைத் தேடினார். "நூத்தியொண்ணு. இன்னும் குறையலை பாரு. வா, நடந்துட்டு வருவோம்."