காரம் அடங்காத சோப்பு

ஆட்டோவிலிருந்து சாக்கை இறக்கிய கிளாராவின் முகம் வீங்கியிருந்தது. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்து, இமையெல்லாம் தடித்துப்போயிருந்தது. தன் சோப்புதான் வேலையைக் காட்டிவிட்டது என்று லிஜாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

சாக்கில் என்ன என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கிளாராவின் மகள் பெபிஷாவுக்கு முந்தாநாள் புதன்கிழமை முட்டத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு கற்றாழை சோப்பு வேண்டும் என்று லிஜாவிடம்தான் சொல்லியிருந்தாள் கிளாரா.

கொட்டாரம் ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பில் லிஜா சோப்புத் தொழில் ஆரம்பித்த நாளில், முதல் சோப்பை வாங்கியவளே கிளாராதான். பெபிஷாவுக்குக் கடைச் சோப்பு எதுவும் ஒத்துக்கொள்ளாது. லிஜாவின் சோப்பு தேய்த்த பிறகுதான் கைச்சொறி நின்றது. அந்த நன்றியில் கொண்டுவந்த ஆர்டர் இது.

தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடாக் காரம் கலந்து ஊற்றும் சோப்பை வெட்டியவுடன் தேய்க்கக் கூடாது. ஒரு மாதம் காற்றாட அடுக்கி வைத்தால்தான் தோலை எரிக்கிற காரம் அடங்கும். அடங்கிவிட்டதா என்று லிஜா நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். சுரீர் என்று இழுத்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

கிளாரா வந்து கேட்டபோது கல்யாணத்துக்கு இருபதே நாள் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். இருநூறு வீட்டுக்குத் தன் பெயர் போகுமே என்ற ஆசை அவள் வாயைக் கட்டிவிட்டது.

சனிக்கிழமை பொதியும்போது ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். சுரீர் என்றது. இன்னொன்றை வைத்தாள், அதுவும் சுரீர். வாயைக் கொப்பளித்துவிட்டு, ‘பெபிஷா வெட்ஸ் பிரைட்டன்’ என்று அச்சடித்த தாள் பட்டையை ஒவ்வொன்றிலும் சுற்றினாள். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற ஸ்டிக்கரையும் வெட்கமில்லாமல் ஒட்டி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற யாராவது அதைத் தேய்த்துவிட்டால் என்ன ஆகும்? யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கிளாராவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். நாலு தடவை போனைக் கையில் எடுத்தாள், நாலு தடவையும் கீழே வைத்தாள். ஐந்தாவது தடவை, காய்ச்சல், கல்யாணத்துக்கு வர முடியாது என்று ஒரு பொய்யை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டாள்.

மற்றதை அந்தோணியார் தலையில் கட்டினாள். கைவிட்டுப்போன பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவர் அவர்தானே. அவருடைய குருசடிச் சிற்றாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தி, தன்னால் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லி அழுதுவிட்டு வந்தாள்.

இப்போது கிளாரா சாக்கைச் சாய்ப்பின் நடுவில் வைத்து வாயைப் பிரித்தாள்.

“எண்ணிக்க, மக்கா. இருநூறும் இருக்கு.”

எல்லாம் கட்டியது கட்டியபடியே இருந்தன. ஒரு தாள் பட்டைகூடக் கிழியவில்லை. ஆனால் கிளாராவின் முகத்தைத் தவிர வேறெதுவும் லிஜாவின் கண்ணில் படவில்லை. தான் சம்பாதித்த நல்ல பெயரெல்லாம் இன்றோடு போயிற்று என்று நினைத்தாள். போனால் போகட்டும், இந்த மனுஷியிடம் இனிமேலும் மறைக்கக் கூடாது என்றும் நினைத்தாள்.

“எக்கா, நான் தெரிஞ்சே செஞ்ச தப்பாக்கும். காரம் அடங்குறதுக்கு முன்ன பொதிஞ்சு குடுத்துட்டேன். ஒங்க மொகத்த இப்பிடி ஆக்கிட்டேனே.”

கிளாரா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னது அவளுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இது சோப்புனால வந்தது இல்ல. சோப்ப யாரும் தொடக்கூட இல்ல, மக்கா. நீ கஷ்டப்பட்டு செஞ்சது வீணாவாண்டாம்னுதான் கொண்டாந்தேன். பேரு போட்ட தாள கிழிச்சிட்டு வேற யாருக்காவது குடு.”

லிஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏன் யாரும் தொடவில்லை என்று கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை; தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் முந்திக்கொண்டது. கிளாராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அந்தோணியார் கைவிடல, எக்கா. ஒண்ணுகூட யாரு கைக்கும் போவப்பிடாது, இருநூறும் எங்கிட்டயே திரும்பி வந்துரணும்னு குருசடில போயி வேண்டுனேன்.”

கிளாரா மெல்லத் தன் கையை உருவிக்கொண்டாள்.

“எப்பம் வேண்டுன?”

“செவ்வாக்கெழம சாயந்தரம். ஆறு மணிக்கு கோயில் மணி அடிக்கும்ப.”

கிளாரா குனிந்து மேலே கிடந்த ஒரு சோப்பை எடுத்தாள். தாளில் இருந்த மகளின் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சாக்கிலேயே வைத்தாள்.

“அந்த மணி அடிக்கும்பதான், மக்கா, மாப்பிள போன் போட்டு கல்யாணம் வேண்டாம்னு சொன்னான்.”