உயிரோடு உள்ள பிள்ளைகள்

மைன்ஸ் ஃபோர்மேன் செல்வநாதன், அவர் மனைவி சவரியம்மாள், மகன் லியோவுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் தாய்மாமன் கிளமென்ட், கணக்கெடுப்புக்கு வந்த புஷ்பவல்லி. தொண்ணூற்றெட்டில் ஒரு மதியம், நெய்வேலி குவார்ட்டர்ஸின் முன்னறையில் இருந்தது இந்த நால்வர்தான். மூத்த மகள் டெய்சி ஊரறியக் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

புஷ்பவல்லி பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்தாள். "போன மாசம் உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் தனித்தனியா கேட்டு எழுதினேன் இல்லீங்களா? ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பதிலை எல்லாம் நம்பரா மாத்தி ஆராய்ச்சிக்குக் குடுக்க முடியும். ஒரு இடத்துல இடிக்குது. தனியா பேசலாங்களா?"

"எங்க வூட்ல ஒளிச்சிப் பேச ஒண்ணுமில்லம்மா. சம்பந்தி எதிர்லயே கேளு," என்றார் செல்வநாதன், முதுகு நாற்காலியில் படாமல்.

"கேளும்மா. நிச்சயத்துக்கு முன்னாடி நானும் மாப்ள வூட்டக் கணக்கெடுத்த மாதிரி ஆச்சு," என்று கிளமென்ட் சிரித்தார். நிச்சயதார்த்தம் வரும் ஞாயிறு.

"பிறந்தது ரெண்டு பிள்ளைங்கன்னு ரெண்டு பேருமே சொல்லியிருக்கீங்க. உயிரோட இருக்கறது ஒண்ணுன்னு நீங்க சொன்னீங்க. அம்மா ரெண்டுன்னு சொல்லியிருக்காங்க."

செல்வநாதன் கிளமென்ட்டைப் பார்த்தார். ஒன்பது வருடம் முன்பு டெய்சிக்கு, மனைவியை இழந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் பேசி, மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் விடிந்தபோது பெண் வீட்டில் இல்லை.

எவனோடோ ஓடிவிட்டாள் என்று புரிந்துகொள்ள அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை. ஓடிப்போன மகளைவிடச் செத்துப்போன மகள் குடும்பத்துக்குக் கௌரவம். வேலூர் ஆஸ்பத்திரி, காமாலை, அங்கேயே அடக்கம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்.

"பொண்ணு போனதுலேர்ந்து இவளுக்குக் கொஞ்சம் பிசகு. ஒண்ணுன்னே எழுதிக்கம்மா," என்றார் செல்வநாதன்.

"அம்மா விவரமா சொல்லியிருக்காங்களேங்க. பொண்ணு வீட்டை விட்டுப் போன காரணத்துக்கு மூணாம் நம்பர் போட்டிருக்கேன்."

"மூணுன்னா?" என்றார்.

"ஒண்ணு கல்யாணம், ரெண்டு வேலை, மூணு படிப்பு."

படிப்பு! செல்வநாதனுக்குப் பாதி மூச்சு வந்தது. பைத்தியக்காரி, உளறினாலும் மானத்தோடு உளறியிருக்கிறாள்.

கிளமென்ட் சிரிப்பதை நிறுத்தி, காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரிங்க. அம்மா படிவத்துல அதை அடிச்சிட்டு இறப்புன்னு எழுதிடறேன். அடிச்ச இடத்துல அம்மா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." புஷ்பவல்லி பேனாவை நீட்டினாள்.

சவரியம்மாள் வாங்கிக்கொண்டாள். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு," என்றார் செல்வநாதன்.

அவள் பேனாவை மூடி, படிவத்தின் மேல் வைத்தாள். "எம் பொண்ணைச் சாவடிச்சிக் கையெழுத்துப் போட எனக்குக் கை வரலீங்க."

கிளமென்ட் எழுந்துவிட்டார். "இன்னா சம்பந்தி இது? அப்ப முத்தாண்டிக்குப்பத்துல பேசிக்கினாங்களே, அது நெசந்தானா? டெய்சி எவன் கூடவோ ஓடிப்போச்சுன்னு?"

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாகச் செல்வநாதன் மனைவியைக் கெஞ்சும் கண்களோடு பார்த்தார். "இல்லைன்னு சொல்லு சவரி. சம்பந்திகிட்ட இல்லைன்னு சொல்லு."

சவரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளமென்ட்டின் பக்கம் திரும்பினாள்.

"இல்லண்ணே, ஓடல. நாந்தான் நர்ஸ் படிக்க பஸ் ஏத்திவுட்டேன்."