பன்னிரண்டாவது மனு

சகாயமேரி டீச்சர் பதினோரு மனு போட்டு வாங்கிய அனுமதி அது. அங்கன்வாடியில் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளின் கைப்பட்டையைக் கழற்றி வைக்கலாம்.

பசி, தாகம், தூக்கம் எதுவானாலும் பிள்ளை வாய் திறக்கும் முன்பே அம்மாவின் போனுக்குச் சொல்லிவிடும் பட்டை. அங்கிருந்த மூன்று வயதுப் பிள்ளைகள் பாடுவார்கள், கதை சொல்வார்கள். ஆனால் இது வேண்டும் என்று எதையும் கேட்டதே இல்லை.

முதல் மூன்று நாள் ஒரே அழுகை. நாலாம் நாள் மகிழனின் அம்மா தன்ஷிகாவுக்குப் பொறுக்கவில்லை, ஓடி வந்துவிட்டாள்.

“என்ன டீச்சர், போன் சத்தமே காணோம்! மகிழனுக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அவன்கிட்டயே கேளுங்கம்மா.”

எப்படிக் கேட்பது? தன்ஷிகா மகனைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் போனையும் பார்த்தாள். அதற்குள் மணல் ஒட்டிய கையால் மகிழன் அவள் துப்பட்டாவை இழுத்தான்.

“அம்மா, தூக்கு.”

அள்ளித் தூக்கிக்கொண்டாள். “இன்னொரு தடவ சொல்லுடா, தங்கம்!”

“எறக்கு, வெளையாடணும்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் கேட்கும் அடுத்த மனுவை நீட்டினார். தன்ஷிகா மகனை இறக்கிவிடாமலே கையெழுத்துப் போட்டாள்.